சுருள்வில் மாற்றமா, சுருள்வில்லாக்கமா? முன்னச்சுச் சொற்கள் குறித்து

அன்புள்ள நண்பர்களே,

வண்டியில் பட்டை ஸ்பிரிங்கைக் (லீஃப் ஸ்பிரிங்) கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குக்கு (காயில் ஸ்பிரிங்) மாறும் வேலையைக் காயில் கன்வெர்ஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். வந்த மடல்களை இரண்டு முறை படித்தேன். பெரும்பாலோர் "சுருள்வில் மாற்றம்" என்று முடித்துவிட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தை வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தவனாகச் சொல்கிறேன்.

வண்டி எது என்று கேட்ட அண்ணனுக்கு முதலில் பதில். 2002-ஆம் வருட ஃபோர்டு எஃப்-250 சூப்பர் டியூட்டி, நாலு சக்கரமும் இழுக்கும் வகை, 7.3 லிட்டர் டீசல். எஞ்சின் மட்டுமே நானூறு கிலோவுக்கு மேல். 1999 முதல் 2004 வரை வந்த இந்த வரிசையின் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் முன்னச்சுக்கும், அதாவது முன்சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கும், பட்டைதான். 2005 மாடலில் முன்பக்கத்துக்குச் சுருள் வந்தது. திரும்பும் வட்டமும் அதோடு நன்றாகச் சுருங்கியது. அதனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள், பின்னால் வந்த வண்டியின் முன்னச்சை முழுசாகக் கழற்றிக் கொண்டுவந்து தங்கள் வண்டியில் பொருத்துகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். இது ஃபோர்டுக்கு மட்டும் உரிய கதை இல்லை. லேண்ட் ரோவர் 1983-இல் ஒன் டென் வண்டியில் பட்டையை விட்டது. ஜீப் ராங்லர் 1997 மாடலிலும், லேண்ட் க்ரூஸர் 70 வரிசையின் முன்னச்சு 1999-இலும் சுருளுக்கு வந்தன. ஆக, இந்த வேலைக்குத் தமிழில் ஒரு சொல் இருந்தால் பல வண்டிக்காரர்களுக்கு உதவும்.

> ஸ்பிரிங் என்றால் சுருள்வில் என்று பள்ளியிலேயே படித்தாயிற்று. லீஃப் ஸ்பிரிங்கை இலைச் சுருள்வில் என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

சிக்கல் தொடங்குவதே இங்கேதான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஸ்பிரிங் என்றாலே சுருள்வில். சோதனைக்கூடத்தில் கொக்கியில் தொங்கிய ஸ்பிரிங் சுருளாக இருந்தது, அந்த உருவமே பெயராகிவிட்டது. சோதனைக்கூடத்துக்குள் அது ஒன்றும் கெடுதல் செய்யவில்லை. வண்டிக்கு வந்ததும் உதைக்கிறது. நேராக நீண்டு லேசாக வளைந்து கிடக்கும் எஃகுப் பட்டையில் சுருள் எங்கே இருக்கிறது? "இலைச் சுருள்வில்லைக் கழற்றிச் சுருள்வில்லைப் பொருத்தவும்" என்று எழுதினால் படிப்பவர் எதை எடுத்து எதை வைப்பார்?

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இதே இழையில் எழுதியதை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். இலங்கைப் பாடநூல்களில் ஸ்பிரிங் என்பது வெறும் வில். ஸ்பிரிங் தராசு அங்கே விற்றராசு. வளைத்தால் விசையைத் தன்னுள் வைத்துக்கொண்டு, விட்டால் திருப்பித் தருவது வில். சுருள், பட்டை, முறுக்குக் கம்பி, காற்றுப்பை எல்லாம் அதன் உருவ வேறுபாடுகள்தாம். பொதுச்சொல் வில் என்று வைத்துக்கொண்டால் சுருள்வில், பட்டைவில், முறுக்குவில், காற்றுவில் என்று குடும்பமே தானாக அமைந்துவிடுகிறது.

இதைப் புதிதாக உண்டாக்கவும் வேண்டியதில்லை. வில்வண்டி என்ற சொல்லை நம் பாட்டிமார் நாள்தோறும் சொன்னார்கள். கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் இருந்த வேறுபாடு, அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவில் இருந்த அந்தப் பட்டைவில்தான். 1893-இல் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் அய்யன்காளி, சாதித் தடையை மீறிப் பொதுவழியில் ஓட்டிச் சென்றதும் வில்வண்டிதான். மலையாளத்திலும் அதே சொல். நூறு ஆண்டுக்கு மேல் வழங்கிய சொல்லை விட்டுவிட்டு இலைச் சுருள்வில் என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

> சரி, சுருளை எடுத்துவிடுவோம். இலைவில் போதாதா? வேலின் அலகையே இலை என்று சொன்ன மொழி நம்முடையது.

இது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். உலோகத் தகட்டை இலை என்பது தமிழுக்குப் புதிதல்ல. ஆனால் வேலின் இலை நடுவில் அகன்று நுனியில் கூர்ந்து, பார்க்க இலையாகவே இருக்கும். வண்டியில் இருப்பது பெரும்பாலும் ஒரே அகலமுள்ள வார். ஊரில் அதற்குப் பெயரும் இருக்கிறது: பட்டை. கொல்லுப்பட்டறையில் போய் அரிவாள் கேட்டால் "லாரிப் பட்டையில அடிச்சது, வருஷத்துக்கும் முனை மழுங்காது" என்று எடுத்துக் கொடுப்பார்கள். மெக்கானிக்கும் பட்டை என்கிறார், கொல்லரும் பட்டை என்கிறார். அவர்களிடமிருந்து சொல்லை வாங்கிக்கொள்வதுதான் முறை. அடுக்கு முழுவதும் பட்டைவில். அதில் ஒற்றைத் தகடு பட்டை. ஒற்றைத் தகட்டை வில்+பட்டை என்று சேர்த்தால் புணர்ச்சியில் விற்பட்டை ஆகிவிடும். காதில் விற்பனை போல விழும். வேண்டாம்.

> சுருள்வில் மாற்றம் என்பதில் என்ன குறை? எல்லோருக்கும் புரிகிறதே.

புரிவது வேறொன்று. "டயர் மாற்றினேன்" என்றால் பழைய டயரைக் கழற்றிப் புது டயர் போட்டேன் என்று பொருள். "சுருள்வில் மாற்றம்" என்றால் தேய்ந்த சுருளுக்குப் பதில் புதுச் சுருள் என்றுதான் எந்த மெக்கானிக்கும் எடுத்துக்கொள்வார். நாம் சொல்ல விரும்புவது சுருள்வில்லுக்கு மாறுதல், தொகையில் தெரிவதோ சுருள்வில்லை மாற்றுதல். வேற்றுமை உருபு மறைந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. முன்னது பல வாரயிறுதிகளை விழுங்கும் வேலை, பின்னது அரை நாள்.

மொழியை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாலும் அந்தச் சொல் போதாது. என் கொட்டகையில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் இருப்பது மிச்சிகனில். குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். பட்டையை அச்சோடு கட்டியிருந்த யூ போல்ட் நட்டுகள் துருவில் ஒட்டி உருவமே தெரியாமல் போயிருந்தன. ஸ்பானருக்கு அசையவில்லை. கிரைண்டரால் அறுத்தேன். வண்டியின் அடிச்சட்டத்தை (சேஸிஸ்) தாங்கிகளில் நிறுத்தி, பட்டை இரண்டையும் உருவி வெளியே எடுத்தாயிற்று. சக்கரங்களைக் கழற்றவில்லை. பட்டையைத் தள்ளிவைக்கத் திரும்பியபோது என் முழங்கால் டயரில் லேசாக இடித்தது. அவ்வளவுதான், முன்னச்சு முழுதும் சத்தமே இல்லாமல் ஒரு முழம் முன்னால் உருண்டது. பிரேக் குழாய் விண்ணென்று இழுபட்டு நின்றது. தாவிப் போய் டயரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடத்துக்கு முன்புவரை பாறைபோல் இருந்த அச்சு அது.

பட்டைவில் எடையை மட்டும் தாங்கவில்லை என்று அப்போதுதான் என் உடம்புக்குத் தெரிந்தது. ஒரு முனை சட்டத்தில் அசையாமல் பூட்டியிருக்கிறது. மறுமுனை ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் தொங்குகிறது, பட்டை நிமிரும்போது நீள இடம் வேண்டுமல்லவா. அச்சு முன்னால் ஓடாமல், பின்னால் சரியாமல், பக்கவாட்டில் நழுவாமல், பிரேக் பிடித்தால் உருளாமல் பிடித்து வைத்திருப்பதும் அதே பட்டைதான். போதாக்குறைக்குப் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஆட்டத்தையும் ஓரளவு அடக்குகின்றன. அந்த உராய்வால்தான் சின்னப் பள்ளத்துக்கும் வண்டி முரட்டுத்தனமாகத் தூக்கிப் போடுகிறது.

சுருள்வில் தாங்குவதோடு சரி. அச்சை அதனிடம் நம்பி விட முடியாது. எனவே பட்டையை எடுத்த இடத்தில் சுருளை மட்டும் வைத்தால் வேலை முடியாது. அச்சைப் பிடிக்க வேறு கைகள் வேண்டும். அச்சிலிருந்து பின்னோக்கிச் சட்டத்துக்குப் போகும் ரேடியஸ் ஆர்ம் இரண்டு, ஒருபக்கச் சட்டத்திலிருந்து அச்சின் மறுபக்கத்துக்குக் குறுக்கே போகும் பனார்டு கம்பி ஒன்று. இவற்றுக்கான பிராக்கெட்டுகள், சுருள் உட்காரும் கிண்ணங்கள், ஸ்டியரிங் இணைப்புகள் எல்லாம் சேர்ந்ததுதான் இந்த வேலை. சக்கரத்தின் எட்டு போல்ட், 170 மில்லிமீட்டர் வட்டம் மாறவில்லை. ஆனால் புது அச்சின் பிரேக் பெரிது, என் பழைய 16 அங்குலச் சக்கரம் ஏறவில்லை, 17 வாங்க வேண்டி வந்தது.

ஆகவே என் முன்மொழிவு: சுருள்வில்லாக்கம். தமிழாக்கம் என்றால் தமிழை மாற்றுவது அல்ல, வேறொன்றைத் தமிழாக ஆக்குவது. அதே அமைப்பு இங்கும் பொருந்துகிறது. நீளம் என்று தோன்றலாம். சுருளாக்கம் என்று சுருக்கிப் பார்த்தேன். பாயைச் சுருட்டுவது போல் இருக்கிறது.

அடுத்து அந்தக் கைகள். ரேடியஸ் ஆர்முக்கு ஆரக்கை என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் வண்டியில் ஆரக்கால் ஏற்கெனவே இருக்கிறது, சக்கரத்துக்குள். ஆரக்காலும் ஆரக்கையும் ஒரே பக்கத்தில் வந்தால் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள். பனார்டு என்பது பழைய பிரெஞ்சுக் கார் நிறுவனத்தின் பெயர், மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இல்லை. வண்டிக்கடியில் படுத்து மேலே பார்த்தால் தெரிவது இதுதான்: இரண்டு கைகள் நெடுக்கே போகின்றன, ஒன்று குறுக்கே. குறுக்கும் நெடுக்கும் என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதையே எடுத்துக்கொள்ளலாம். நெடுக்குக்கை, குறுக்குக்கை. படம் பார்க்காமலே எது எங்கே என்று தெரிந்துவிடும்.

சஸ்பென்ஷனுக்கு இங்கே பழகிவிட்ட தாங்கமைப்பு எனக்குச் சம்மதம். சில தளங்களில் இடைநீக்கம் என்று வருகிறதே, அது அலுவலகத்தில் ஆளை நிறுத்திவைப்பது. தயவுசெய்து யாரும் பயன்படுத்த வேண்டாம்.

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

*

நண்பர்களே,

மூன்று நாளில் வந்த மறுப்புகளுக்குச் சேர்த்தே பதில்.

> சுருள்வில்லாக்கம் என்றால் சுருள்வில் தயாரிக்கும் தொழில் என்று படாதா?

படலாம். தலைப்பில் "முன்னச்சுச் சுருள்வில்லாக்கம்" என்று முழுசாகப் போட்டால் அந்த ஐயம் எழாது. அச்சைத் தயாரிப்பதாக யாரும் எண்ணமாட்டார்கள். உள்ளே சுருக்கமாக எழுதலாம்.

> குறுக்குக்கை நாக்கில் இடறுகிறது. குறுக்குப்பிடி என்று வைத்தால் என்ன?

கோவையில் பட்டறை வைத்திருக்கும் ஐயா எழுதியது. நாள் முழுக்க வாயால் சொல்லப் போகிறவர் அவர், அதனால் சத்தமாகப் பத்து முறை சொல்லிப் பார்த்தேன். அவர் சொல்வது சரி. நெடுக்குப்பிடி, குறுக்குப்பிடி என்றே மாற்றிக்கொள்கிறேன். கையைவிடப் பிடி, செய்யும் வேலையையும் சொல்கிறது.

இந்தச் சொற்களை வைத்து, இந்த வேலைக்கு நான் எழுதிவரும் வழிகாட்டியின் ஒரு பத்தியைத் திருத்தி எழுதினேன். நடையில் உட்காருகிறதா என்று பாருங்கள்:

"குறுக்குப்பிடியும் ஸ்டியரிங்கின் இழுகம்பியும் முடிந்தவரை ஒரே சாய்வில், ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். அச்சு ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே வளைவில் நகரும். சாய்வு வேறுபட்டால் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் வண்டி தானாகத் திரும்பும். குறுக்குப்பிடியின் போல்ட் தளர்ந்தால் ஸ்டியரிங் உதறும். அந்த நிலையில் ஓட்டாதீர்கள். நெடுக்குப்பிடியின் ரப்பர் புஷ்களை, சக்கரங்கள் தரையில் ஊன்றி முழு எடையும் இறங்கிய பிறகே இறுக்குங்கள். அந்தரத்தில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும்."

இழுகம்பி என்பதை, ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க்குக்கு அவசரத்தில் போட்டேன். அது இழுக்கவும் செய்கிறது, தள்ளவும் செய்கிறது. நல்ல சொல் தோன்றுபவர்கள் தனி இழையில் எழுதுங்கள்.