புதுப்பிப்பு: தம்பியின் குழப்பத்துக்குக் காரணம் சோடியம்

பைக் விபத்தில் தலையில் அடிபட்ட தம்பி, தெளிந்து பேசத் தொடங்கிய பிறகு மறுபடியும் குழம்பிப்போனது ஏன் என்று கேட்டிருந்தேன். மீண்டும் இரத்தக் கசிவோ என்று பலரும் பயந்தீர்கள். சிடி ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. இரத்தத்தில் சோடியம்தான், அதாவது உப்புச்சத்துதான், லிட்டருக்கு 119 மில்லிமோலுக்கு இறங்கியிருந்தது. 135க்குக் குறையக் கூடாது.

தலைக்காயத்துக்குப் பின் இது பெரும்பாலும் இரண்டு வழிகளில் நேர்கிறது. ஹார்மோன் மிகுந்து உடல் நீரைத் தேக்கினால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் சேர்த்து வெளியேற்றினால் இரண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்னதற்கான வைத்தியம் பின்னதற்கு ஆபத்து. தம்பிக்குச் சிறுநீர் மிகுதியாகப் போய் இரத்த அழுத்தமும் இறங்கியதால் இரண்டாவது என்று முடிவுசெய்து, 3 சதவீத உப்புக் கரைசல் ஏற்றினார்கள். அதுவும் மெதுவாகத்தான். ஒரே நாளில் மளமளவென்று உயர்ந்தால் மூளைத்தண்டில் நரம்புகளைச் சுற்றியுள்ள உறை சிதையலாமாம். சீக்கிரம் ஏற்றச் சொல்லி நச்சரித்த அம்மா இதைக் கேட்டபின்தான் அடங்கினார்.

இப்போது 134. காபியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போடுகிறான்.

வலிப்பு மருந்து பற்றிக் கேட்டவர்களுக்கு: தலையில் அடிபட்ட முதல் வாரத்தில் வரக்கூடிய வலிப்பைத் தடுக்கவே அது கொடுக்கப்படுகிறது. இவனுக்கு வலிப்பு வராததால் மருத்துவரே நிறுத்திவிட்டார். சோடியம் பரிசோதனை மட்டும் தொடர்கிறது.