சரக்கு இருப்புக்கு மென்பொருள்: உடனே மாறுவதா, எக்செலைச் சரிசெய்துவிட்டு மாறுவதா?

உதிரிபாகம்
இயந்திர உதிரி பாகங்கள் விற்கிறோம். ஒரு கிடங்கு, இரண்டு கிளை, கூடவே இணைய விற்பனை. கணக்கு முழுக்க எக்செலில். கணக்கில் இருப்பது அலமாரியில் இல்லை, அலமாரியில் இருப்பது கணக்கில் இல்லை. மாதச் சந்தா கட்டி இணையம் வழியே பயன்படுத்தும் க்ளவுட் மென்பொருளுக்கு உடனே மாறலாம் என்கிறார் என் கூட்டாளி. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

மேகக்கணக்கு
கூட்டாளி சொல்வது சரி. எக்செலில் யார் எப்போது எந்த எண்ணை மாற்றினார் என்று பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு. நல்ல மென்பொருளில் இருப்பை நேராகத் திருத்தவே முடியாது. வரவு, விற்பனை, இடமாற்றம், திருத்தம் என்று ஏதாவது ஒரு பதிவு போட்டால்தான் எண் மாறும். அப்புறம் பார்கோடு. எக்செலில் அப்படியே உள்ளிட்டால் முன்னால் உள்ள சுழியம் போய்விடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதியெல்லாம் சுழியமாகிவிடும். 2020இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்று முடிவுகள் பட்டியலில் விடுபட்டதும் எக்செலால்தான். அந்தக் கோப்பு 65,536 வரிசையோடு நின்றுவிட்டது.

பேரேடு
அது பழைய கோப்பு வடிவத்தின் வரம்பு. எக்செல் 2007 முதல் பத்து லட்சத்துக்கு மேல் வரிசைகள் உண்டு. பார்கோடு கட்டத்தை எழுத்து வடிவில் வைத்தால் சுழியமும் போகாது. இவருடைய சிக்கல் இதெல்லாம் இல்லை. சரக்கு நகரும் நேரத்துக்கும் அது பதிவாகும் நேரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் சிக்கல். காலையில் எடுத்துப்போன பொருளை மாலையில் எழுதுகிறவர்கள், எந்த மென்பொருள் வந்தாலும் மாலையில்தான் எழுதுவார்கள்.

அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான டார்கெட் 2013இல் கனடாவில் கடைகள் திறந்தபோது வாங்கியது சாதாரண மென்பொருள் அல்ல, பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி. பொருள் விவரங்களை அவசரமாக உள்ளிட்டதில் நீள அகலங்கள் இடம் மாறின, அளவுகள் தப்பாகப் பதிவாயின. கிடங்கில் சரக்கு வழிந்தது, கடையில் அலமாரி காலியாக நின்றது. 2015இல் 133 கடைகளையும் மூடிவிட்டார்கள். மூடியதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இது பெரிய காரணம். முதலில் பொருள் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்.

மேகக்கணக்கு
'முதலில் சுத்தம்' என்று தொடங்கினால் அது முடியவே முடியாது. இன்றைக்குச் சுத்தம் செய்த பட்டியலில் நாளைக்கே ஒருவர் அதே பேரிங்கை வேறு எழுத்துக்கூட்டலில் சேர்ப்பார். ஒரே குறியீட்டை இரண்டு முறை ஏற்காத, இருப்பு சுழியத்துக்குக் கீழே போக விடாத கட்டுப்பாட்டை மென்பொருள்தான் தினமும் கண்காணிக்கும்.

பேரேடு
இருப்பு கழித்தலில் போகாமல் பூட்டிவைப்பதை எல்லோரும் பெரிய வசதியாகச் சொல்கிறார்கள். நான் கடுமையாக மறுக்கிறேன். சரக்கு வந்து இறங்கிவிட்டது, கொள்முதல் பதிவு இன்னும் போடவில்லை. பொருள் கையில் இருக்கிறது, வாடிக்கையாளர் எதிரில் நிற்கிறார், 'இருப்பு இல்லை' என்கிறது திரை. பில் போடுபவர் என்ன செய்வார்? அதே விலையில் இருக்கும் வேறொரு பொருளின் பெயரில் பில்லைப் போட்டு அனுப்புவார். ஒரு பொருளில் இருந்த பிழை இப்போது இரண்டில் இருக்கிறது, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். கழித்தலில் போக விடுங்கள். தினமும் மாலை கழித்தலில் உள்ள பொருட்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எங்கே பதிவு விட்டுப்போனது என்று அதுவே காட்டும்.

ரேக்வரிசை
கிடங்கில் நிற்பவள் என்ற முறையில் சொல்கிறேன். இணைய விற்பனைக்கு பேரேடு சொல்வது சரிவராது. அங்கே எதிரில் பொருள் இல்லை, எண் மட்டும்தான் இருக்கிறது. கழித்தலில் விட்டால் இல்லாததை விற்போம். இணையத்துக்குப் பூட்டுங்கள், கடை பில்லுக்குத் திறந்துவிடுங்கள். இப்படி இடத்துக்கு இடம் தனித்தனியாக வைக்க முடியுமா என்று மென்பொருள் விற்க வருபவரிடம் முதலில் கேளுங்கள்.

அடுத்தது யூனிட். பெட்டியாக வாங்கி ஒவ்வொன்றாக விற்கிறோம். பெட்டிக்கு 12 என்று பதிந்து வைத்திருப்போம். ஒருநாள் தயாரிப்பாளர் சத்தமில்லாமல் 10 ஆக்கிவிடுவார். அன்றிலிருந்து பெட்டிக்கு இரண்டு வீதம் கணக்கில் மட்டுமே இருக்கும் சரக்கு சேரும். அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு கொள்முதலிலும் மாற்ற வழி வேண்டும், பழைய பதிவுகள் அதனால் கலையவும் கூடாது. விளக்கிக் காட்டும்போது எல்லாம் அழகாக ஓடும், இதைக் கேட்டால் தயங்குவார்கள். கடைசி ரேக்கில் வைஃபை எட்டாத இடத்தில் ஸ்கேன் செய்து காட்டவும் சொல்லுங்கள்.

திறமூலன்
சந்தாவுக்கு வெளியே யாருமே யோசிக்கவில்லையே? இஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக மென்பொருள் முழுக்கத் திறமூலம், அதாவது அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம்; ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வருகிறது. பாகங்களும் அவற்றைச் சேர்த்துச் செய்யும் பொருட்களும் மட்டும்தான் என்றால் இன்வென்ட்ரீ என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. ஓடூ என்ற மென்பொருளில் சமுதாயப் பதிப்பு இலவசம், ஆனால் பார்கோடு செயலி கட்டணப் பதிப்பில்தான், அதைக் கவனியுங்கள். உங்கள் தரவு உங்கள் சர்வரில் இருக்க வேண்டும். சந்தாவை நிறுத்தும் நாளில் இன்றைய இருப்புப் பட்டியல் கையில் கிடைக்கும். பல வருட நகர்வு வரலாறும் பேட்ச் (ஒரு முறை வந்த சரக்குத் தொகுதி) வாரியான கொள்முதல் விலையும் முழுசாகக் கிடைக்குமா?

மேகக்கணக்கு
நியாயமான கேள்வி. ஆனால் சர்வரை யார் பார்ப்பார்? பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் புதுப்பிப்புகளை யார் போடுவார்? பேக்கப் எடுப்பதோடு வேலை முடியாது, அதிலிருந்து மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதற்கென்று ஆள் இல்லாத கடைக்குச் சொந்த சர்வர் பெரிய சுமை.

திறமூலன்
பணம் வாங்கிக்கொண்டு நடத்திக் கொடுப்பவர்கள் திறமூலத்துக்கும் உண்டு. ஒருவர் பிடிக்காவிட்டால் அதே தரவோடு இன்னொருவரிடம் போகலாம். உங்கள் க்ளவுடில் அது முடியாது.

உதிரிபாகம்
மறு ஆர்டர் எப்போது போடுவது என்று தானாகவே கணித்துச் சொல்லும் வசதியைப் பெரிதாக விளம்பரப்படுத்துகிறார்கள். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பேரேடு
இப்போதைக்கு வேண்டாம். தினசரி சராசரி விற்பனையை, சரக்கு வந்து சேரும் நாட்களால் பெருக்கி, எதிர்பாராத தேவைக்கு ஒதுக்கும் பாதுகாப்பு இருப்பைக் கூட்டுங்கள். தினம் 8 விற்கிறது, வர 12 நாள், பாதுகாப்புக்கு 30 என்றால் இருப்பு 126க்கு இறங்கும்போது ஆர்டர். எந்த மென்பொருளும் இதைச் செய்யும். ஒன்று மட்டும் பாருங்கள்: பொருளே இல்லாமல் விற்காமல் போன நாட்களைச் சராசரியில் சேர்க்கிறதா? சேர்த்தால் சராசரி இறங்கும், ஆர்டர் குறையும், மறுபடியும் பொருள் தீரும்.

இதைவிட முக்கியம் கையிருப்புச் சரக்கை எந்த விலையில் மதிப்பிடுவது என்பது. முதலில் வந்தது முதலில் போகும் முறையா, வாங்கிய அளவுக்கேற்ற எடையிட்ட சராசரி விலையா என்று உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கடைசியில் வந்தது முதலில் போகும் முறையைச் சர்வதேசக் கணக்கியல் தரம் ஐஏஎஸ் 2 ஏற்பதில்லை, அமெரிக்க முறை ஏற்கிறது. நடுவில் மாற்றுவது பெரிய தலைவலி. போன மாதத் தேதியிட்டு ஒரு கொள்முதலைப் பதிந்தால் அதற்குப் பிந்தைய விற்பனைகளின் அடக்கவிலையைத் திரும்பக் கணக்கிடுகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

உதிரிபாகம்
சரி. எங்களிடம் அடிக்கடி தகராறு செய்யும் பொருட்களை மட்டும் எடுத்து, ஒரு க்ளவுடிலும் இஆர்பிநெக்ஸ்டிலும் சோதித்துப் பார்க்கிறோம். பெட்டி எண்ணிக்கை மாறியது, திரும்பி வந்தது, பின்தேதியிட்டது, எல்லாவற்றையும் போட்டு.

மேகக்கணக்கு
செய்யுங்கள். ஆனால் கடை பில்லில் இருப்பைப் பூட்டியும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பேரேடு சொல்கிற அளவுக்குக் குழப்பம் வராது.

பேரேடு
வரும். அந்த வாரக் கடைசியில் அலமாரியை எண்ணிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

ரேக்வரிசை
எண்ணுவதற்குக் கடையை மூட வேண்டாம். வேகமாக நகரும் பொருட்களைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணினால் போதும். எண்ணுபவரின் திரையில் கணக்கு இருப்பு தெரியாதபடி மறைத்துவிடுங்கள். தெரிந்தால் எண்ணாமலே அதையே எழுதிவிடுவார்கள்.