கொல்லிமலை இறக்கம்: இடது வளைவில் பைக் எதிர்ப்பக்கம் போகுது

கேள்வி: 150 சிசி பைக். 70 கொண்டை ஊசி வளைவும் பின் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்குறேன். இடது வளைவில் நடுக்கோட்டைத் தாண்டிடுது. ஏன்?

பதில் 1: வேகத்தைத் திரும்புறதுக்கு முன்னாடியே குறைக்கணும். வண்டி நேரா இருக்கும்போதே ரெண்டு பிரேக்கையும் பிடிச்சு, முதல் இல்லன்னா ரெண்டாவது கியருக்கு வந்து, கிளட்சை முழுசா விட்டுடுங்க. பின் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறி பிடிக்காம போயிடும், அது ரொம்ப ஆபத்து. பார்வை வளைவோட முடிவில் இருக்கட்டும்.

பதில் 2: சீக்கிரமே உள்ளே வெட்டுறதும் காரணம் நண்பா. உங்க பாதிக்குள்ளேயே வெளிப்பக்கமா போய், வெளியேறும் வழி தெரிஞ்சதும் உள்ளே வாங்க. அதே வளைவில் வேகம் மணிக்கு 30லிருந்து 40 கி.மீ.க்குக் கூடினா, டயர் தாங்கவேண்டிய பக்கவிசை சுமார் 78 சதவீதம் கூடும். கண்ணுக்குத் தெரியுற தூரத்தில் பாதிக்குள்ள நிறுத்த முடியணும், மிச்சப் பாதி எதிரே வர்றவருக்கு.

பதில் 3: வலது வளைவில் சக்கரம் கோட்டுக்குள்ள இருந்தாலும் சாயும்போது தலை வெளியே நீட்டிடும். பஸ் வர்ற ரோடு, தள்ளியே ஓட்டுங்க.