முழுமுக மாஸ்க்கா, தனி மாஸ்க்கும் குழாயுமா? பவளத்திட்டில் முதன்முறை ஸ்நார்கெலிங்

கடல்நுரை:
தீவு விடுமுறைக்குப் போகும் ஆறு பேருக்கு ஸ்நார்கெலிங் (முகத்தைத் தண்ணீரில் வைத்து, குழாயால் மூச்சு விட்டபடி மிதந்து பார்ப்பது) சாமான் வாங்க வேண்டும். நான்கு பேர் சுமாராக நீந்துவார்கள், இரண்டு பேருக்கு மிதக்க மட்டும் தெரியும். ஒருவர் கண்ணாடி போடுபவர், ஒருவர் மீசை தாடிக்காரர். இறங்கப்போவது திட்டுக்கு உள்பக்கம், இடுப்பளவிலிருந்து இரண்டு ஆள் ஆழம் வரை. முழு முகத்தையும் மூடும் மாஸ்க் வாங்கலாமா, பழைய மாதிரி தனித்தனியாக வாங்கலாமா?

வலம்புரி:
நீச்சல் அரைகுறை என்றால் யோசிக்காமல் முழுமுகம். 2014-இல் டெக்கத்லான் நிறுவனம் ஈஸிபிரெத் என்ற முழுமுக மாஸ்க்கைக் கொண்டுவந்ததே இவர்களுக்காகத்தான். பழைய குழாயில் ரப்பர் கடிவாயைப் பல்லில் கவ்வ வேண்டும், உதட்டால் இறுக்க வேண்டும், மூக்கை மறந்துவிட்டு வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். பலருக்குக் கடிவாய் உள்ளே போனதுமே குமட்டும். ஒரு மிடறு உப்புத்தண்ணீர் தொண்டைக்குள் போனால் தலையைத் தூக்கி அடித்துக்கொள்வார்கள், அப்புறம் எத்தனை மீன் வந்தாலும் குனிய மாட்டார்கள். முழுமுகத்தில் இந்தத் தொல்லை கிடையாது, மூக்காலேயே மூச்சு விடலாம். தலை முழுகினால் மிதவை எழும்பிக் குழாயின் மேல்வாயை அடைத்துவிடும். கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் தலையை வெளியே நிமிர்த்தினால் தாடையடி வால்வு வழியாக வடிந்துவிடும்.

திருக்கை:
வசதி இருக்கட்டும், மூச்சுக் கணக்கைப் பார்ப்போம். சராசரி ஆள் ஒரு மூச்சுக்கு 500 மில்லி இழுக்கிறார். அதில் சுமார் 150 மில்லி தொண்டை, மூச்சுக்குழாயோடு நின்றுவிடும், நுரையீரலின் ஆழத்துக்குப் போகாது. 2 செ.மீ. உள்விட்டமும் 40 செ.மீ. நீளமும் உள்ள குழாய் இன்னொரு 125 மில்லி பழைய காற்றைப் பிடித்து வைக்கும். ஆக, புதுக்காற்று 225 மில்லிதான். பதற்றத்தில் நிமிடத்துக்கு 16 முறை இப்படி இழுத்தால் 3.6 லிட்டர் வரும். அதே ஆள் நிதானமாக 1000 மில்லி வீதம் 8 முறை இழுத்தால் 5.8 லிட்டர். இழுக்கும் காற்று இரண்டிலும் ஒன்றே, மொத்தம் 8 லிட்டர்தான். மெதுவாக, ஆழமாக மூச்சு விடு என்று சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

இப்போது முழுமுகத்துக்கு வாருங்கள். அதன் உள்ளிடம் குழாயைவிடப் பல மடங்கு பெரிது. விட்ட மூச்சு அங்கே தேங்கினால் கார்பன் டை ஆக்சைடு ஏறும். தலை வலிக்கும், மூச்சு வாங்கும், கிறுகிறுக்கும். மூச்சு வாங்க வாங்க ஆள் இன்னும் வேகமாக, இன்னும் மேலோட்டமாக இழுப்பார். அது மேலும் கெடுதல்.

இன்னொன்று, மூக்கைப் பிடிக்க முடியாது. இரண்டு மூன்று மீட்டர் இறங்கினாலே காது வலிக்கும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால்தான் அழுத்தம் சமமாகும். முழுமுகத்தில் மூக்கு மாஸ்க்குக்குள் அடைபட்டிருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு முக்குளிக்கவே கூடாது. இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு ஆமையைப் பார்த்தால் சும்மா இருப்பார்களா?

வலம்புரி:
முக்குளிப்பவர்களுக்கு ஒத்துவராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே எல்லாம் ஒரே அறை மாதிரி பேசுகிறீர்கள். நல்ல மாஸ்க்கில் இரண்டு அறை. மேலே கண்ணறை, கீழே மூக்கையும் வாயையும் மூடும் சிலிக்கான் கிண்ணம். இழுக்கும் காற்று குழாயிலிருந்து கண்ணறைக்கு வந்து, கிண்ணத்திலுள்ள ஒருவழி வால்வுகளைத் தாண்டி மூக்குக்கு வரும். விடும் மூச்சு கண்ணறைப் பக்கம் திரும்பாமல் சட்டத்தின் இரு ஓரத் தடங்களில் ஏறி வெளியே போய்விடும். பழையதும் புதியதும் கலக்காது.

இது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்ணாடியே காட்டிக்கொடுக்கும். உள்ளே வரும் வெளிக்காற்று கண்ணறையைத் துடைத்துக்கொண்டே இருப்பதால் பனி படியாது. படிகிறது என்றால் விடும் மூச்சு மேலே கசிகிறது. கிண்ணம் மூக்குத்தண்டில் உட்காரவில்லை, அல்லது வால்வு மடங்கிக் கிடக்கிறது. உடனே கரையேறிக் கழற்றிப் பார்க்க வேண்டும். சைஸ் தவறினாலும் இதே கதை. புருவ நடுவிலிருந்து தாடை வரை அளந்து, தயாரிப்பாளர் அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். பெரியவர் மாஸ்க்கைச் சிறுவருக்கு மாட்டவே கூடாது. கெட்ட பெயரெல்லாம் வால்வே இல்லாத மலிவு நகல்களால் வந்தது.

திருக்கை:
கடையில் தொங்கும்போது நகலும் அசலும் ஒரே மாதிரிதான் தெரியும். வாங்குபவர் கிண்ணத்தைப் பிரித்து வால்வை எண்ணியா பார்ப்பார்? பனி படிந்தாலும் "காலையில் குளிர்ச்சியாக இருக்கிறது, அதான்" என்று நீந்திக்கொண்டே இருப்பார்.

நண்டுவளை:
ரெண்டு பேரும் கார்பன் டை ஆக்சைடையே புடிச்சுத் தொங்குறீங்க. ஹவாயில் ஸ்நார்கெலிங் சாவுகளை ஆராய்ஞ்சவங்க கவலைப்பட்டது மூச்சை உள்ளே இழுக்கும்போது வர்ற தடையைப் பத்தி. குறுகலான குழாய், இறுக்கமான வால்வு, அதோட மூச்சு வாங்க நீந்துறது. எல்லாம் சேர்ந்தா நுரையீரல்ல நீர் கோத்துக்கலாம். இது முழுமுகத்துக்கு மட்டும் வர்றதில்ல, சாதா குழாயிலயும் வரலாம். தண்ணி வாயில போகாமலே, கால் எட்டுற ஆழத்துலயே ஆள் சரிஞ்சிடலாம். இதயக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம் இருக்கவங்க டாக்டரைக் கேக்காம இறங்க வேணாம். திடீர்னு மூச்சுத் திணறுச்சா, மாஸ்க்கைக் கழட்டு, மல்லாக்கத் திரும்பு, கையைத் தூக்கி ஆளைக் கூப்பிடு. "கொஞ்சம் பாத்துட்டுப் போவோம்" வேணாம்.

மிதக்க மட்டும் தெரிஞ்ச ரெண்டு பேர் இருக்காங்களே, அவங்களுக்கு மாஸ்க்கை விட மிதவைதான் முக்கியம். படகுல குடுக்குற கெட்டி ஃபோம் ஜாக்கெட் ஆளை மல்லாத்தப் பாக்கும். குப்புறக் கிடக்கறதுக்குள்ள கழுத்து வலி வந்துடும். வாயால ஊதுற ஸ்நார்கல் வெஸ்ட் வாங்கி, பாதி காத்து நிரப்பினா முகம் கீழ இருக்கும், உடம்பு மேலயே நிக்கும்.

இறங்குற இடமும் முக்கியம். திட்டு மேல உடையுற அலை உள்பக்கம் தண்ணியைத் தள்ளிக்கிட்டே இருக்கும். அந்தத் தண்ணி எங்கயாவது வெளியேறணும்ல, திட்டுல இருக்க இடைவெளி வழியாத்தான் போகும். கடல் தண்ணி வத்தி இறங்குற நேரத்துல அங்க இழுப்பு பயங்கரமா இருக்கும். வேடிக்கை என்னன்னா, அலை உடையாத இடம்கிறதால கரையிலேர்ந்து பாக்க அதுதான் அமைதியாத் தெரியும். எல்லாரும் அங்கதான் போவாங்க. முதல்ல நீரோட்டத்துக்கு எதிரா நீந்துங்க. களைச்சுத் திரும்பறப்ப ஓட்டமே கொண்டாந்து விட்டுடும்.

கடல்நுரை:
வெஸ்ட் ஆறும் வாங்கிவிடுகிறேன். தனி மாஸ்க் என்றால் பொருந்துவதை எப்படிப் பார்ப்பது? கண்ணாடிக்காரர், தாடிக்காரர் பாடு?

திருக்கை:
வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிக் கையை எடுங்கள். மூச்சைப் பிடித்திருக்கும் வரை விழாமல் நிற்க வேண்டும். ஓரத்தில் ஒரு முடி மாட்டியிருந்தாலும் நிற்காது. கசிந்தால் எல்லோரும் வாரை இறுக்குவார்கள், அங்கேதான் தப்பு. இறுக்கினால் சிலிக்கான் விளிம்பு மடங்கி இன்னும் கசியும். வார் காதுக்கு மேலே, பின்மண்டையின் மேட்டில் தளர்வாக இருந்தால் போதும், தண்ணீரே மாஸ்க்கை அழுத்திக்கொள்ளும்.

மீசைக்காரர் மூக்கடியில் ஒரு கோடு அளவுக்கு மழித்துவிட்டால் தீர்ந்தது. மனமில்லை என்றால் சிலிக்கான் கிரீஸ். வாஸ்லின் வேண்டாம், சிலிக்கானுக்கு ஆகாது. இதே தாடி முழுமுகத்தில் தாடை வரை கசியும், அதற்குச் சட்டென்று வழி கிடையாது. கண்ணாடியும் அப்படித்தான், காம்பு விளிம்பைத் தூக்கிவிடும். தனி மாஸ்க்கில் 0.5 பவர் இடைவெளியில் மைனஸ் லென்ஸ் ரெடிமேடாக மாட்டலாம்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த சிலிக்கான் படலம் இருக்கும். ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையால் உள்பக்கம் இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவாவிட்டால், பனி படியாமலிருக்க எச்சில் தடவினாலும் படியும். முழுமுகத்துக்கு இதைச் செய்துவிடாதீர்கள். அது பிளாஸ்டிக், கீறல் விழும்.

வலம்புரி:
தாடிக்கும் கண்ணாடிக்கும் தனி மாஸ்க்தான், சரி. மற்ற நால்வரில் கடிவாய் குமட்டுபவர் யார் என்று கண்டுபிடிக்கக் கடல் வேண்டாம். இடுப்பளவு நீச்சல்குளத்தில் பத்து நிமிடம் போதும். குமட்டுபவருக்கு மட்டும் முழுமுகம் வாங்குங்கள், அவர் மேற்பரப்போடு நிற்கட்டும். கழற்றுவதையும் குளத்திலேயே கண்ணை மூடிப் பழக வேண்டும். தாடைப் பக்கம் விரலைக் கொடுத்து முன்னால் இழுத்து, தலைக்கு மேலாகத் தூக்கினால் ஒரே வீச்சில் வரும். வாரைத் தேடிக்கொண்டிருந்தால் வராது.

திருக்கை:
குழாய்க்காரர்களும் அதே குளத்தில் வேண்டுமென்றே தண்ணீரை உள்ளே விட்டு, "தூ" என்று ஒரே ஊதலில் வெளியேற்றிப் பழகட்டும். முதல் ஊதலுக்குப் பிறகு கொஞ்சம் தண்ணீர் தங்கியிருக்கும். அடுத்த மூச்சை நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, மெதுவாக இழுக்க வேண்டும். மாஸ்க்குக்குள் தண்ணீர் போனால் சட்டத்தின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மேலே பார்த்தபடி மூக்கால் ஊதினால் கீழ்வழியாகப் போய்விடும். இரண்டும் ஐந்து முறை பதறாமல் வந்தால் திட்டுக்குக் கிளம்பலாம்.

நண்டுவளை:
நெத்திக்கு சன்ஸ்கிரீன் பூசாதீங்க. வழுக்கி விளிம்பு ஒட்டாது, கண்ணுலயும் எரியும். பின்கழுத்துக்கும் முழங்காலுக்குப் பின்பக்கத்துக்கும் போடுங்க, வெயில் அங்கதான் சுடும். ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் இருக்க சன்ஸ்கிரீனை, பவளத்துக்குக் கெடுதல்னு, ஹவாய் 2021-லேர்ந்து டாக்டர் சீட்டு இல்லாம விக்க விடல. பாட்டில்ல பாத்து வாங்குங்க. முழுக்கை நீச்சல் சட்டை போட்டா அதுல பாதி வேலை மிச்சம்.