பிலிம், ஸ்கேனர் கம்பெனிகளுக்கு ஒரு கூட்டுக் கடிதம்: எதைக் கேட்பது?

வளவுவாசல் (காரைக்குடி)

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. ஐயா ரங்கூனில் எடுத்தவை, அப்பச்சி எண்பதுகளில் எடுத்தவை என்று இருநூறு உறை நெகட்டிவ் அதற்குள் கிடக்கிறது. போன மாதம் மூடியைத் தூக்கியதும் காடி நெடி மூக்கில் ஏறியது. அன்றே ஸ்கேனரை எடுத்துத் துடைத்தேன். ஓடவில்லை. உள்ளே ஒரு ரப்பர் பெல்ட் இற்றுப்போயிருந்தது. தையல் மெஷின் பெல்ட்டில் பாதி கனம்கூட இராது. அரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பெட்டி அது. கம்பெனியின் பெயர் வேண்டாம். அந்த மாடலுக்கு உதிரி பாகம் கிடையாது, மென்பொருளும் புதிய கணினியில் ஏறாது என்று இரண்டே வரியில் பதில் வந்துவிட்டது.

ஆகவே ஒரு கூட்டுக் கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். மூன்று கோரிக்கைகள். 35 மி.மீ., அதைவிட அகலமான 120 ரோல் இரண்டையும் ஏற்கும் பிலிம் ஸ்கேனரை நடுத்தர விலையில் புதிதாகச் செய்யுங்கள் என்பது ஒன்று. நிறுத்திவிட்ட மாடல்களின் பழுதுபார்ப்புக் கையேட்டையும், அந்தப் பெட்டி கணினியோடு பேசும் முறையையும் வெளியிடுங்கள் என்பது இரண்டு. மூன்றாவது பிலிம் கம்பெனிகளுக்கு: ஒவ்வொரு கலர் நெகட்டிவின் ஆரஞ்சுச் சாயலையும் கழித்து நிறத்தைத் திருப்புவதற்கான அளவுகளை மென்பொருள் படிக்கும் வடிவில் தாருங்கள். யார் யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

இருட்டறை (தேவகோட்டை)

முதல் கோரிக்கைக்கு என் கையெழுத்து கிடையாது, தம்பி. பிலிம் ஸ்கேனரும் செய்துகொண்டிருந்த கோனிகா மினோல்டா 2006இல் கேமரா வியாபாரத்தையே விட்டுப் போனது. நிக்கானும் கூல்ஸ்கேன் என்ற தன் பிலிம் ஸ்கேனர் வரிசையை எப்போதோ மூடிவிட்டது. ஊரைக் காலி செய்து போனவர்கள் வீட்டுக் கதவை எத்தனை நாள் தட்டுவது?

நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் பழைய என்லார்ஜரின் தூண் ஒன்று என்னிடம் இருந்தது. தலையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேமராவை மாட்டினேன். கீழே எல்இடி பலகை, மேலே மேக்ரோ லென்ஸ். 36 படம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கூல்ஸ்கேன் அங்குலத்துக்கு 4000 புள்ளி படிக்கும் என்று கொண்டாடுகிறீர்கள். 36க்கு 24 மி.மீ. படத்தில் கணக்குப் போட்டால் அது 21 மெகாபிக்சல் சொச்சம்தான். இன்று 24 மெகாபிக்சல் கேமராவைப் பழைய விலைக்கு எங்கும் வாங்கலாம். மேசை ஸ்கேனர் அட்டைப்பெட்டியின்மேல் 6400 என்று அச்சடித்திருப்பார்கள். அதில் பாதியைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை.

கேட்பதென்றால் பிலிம் செய்கிறவனிடமும் அதைக் கழுவும் மருந்து செய்கிறவனிடமும் கேளுங்கள். மே மாதத்தில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் 36 டிகிரி. டெவலப்பர் டப்பாவில் 20 டிகிரிக்கு நேரம் போட்டிருக்கிறான், மிஞ்சினால் 24 வரை. அதற்கு மேலும் மனிதர்கள் பிலிம் கழுவுகிறார்கள் என்று யாராவது அவனுக்குச் சொல்லக்கூடாதா? நான் டெவலப்பர் குடுவையை மண்பானைத் தண்ணீரில் இறக்கி, கூடவே ஐஸ் கட்டி போட்டு 22க்குக் கொண்டுவந்தேன். கடைசியாகக் கழுவும் தண்ணீரை மட்டும் மறந்து குழாயிலிருந்தே பிடித்துவிட்டேன். திடீர்ச் சூட்டில் பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் ஊதிச் சுருக்கம் விழுந்து, பிள்ளையார்பட்டித் தேர் எடுத்த ரோல் முழுக்க ஓலைப்பாய் பின்னியதுபோல் ஆகிவிட்டது. 30 டிகிரிக்கு ஒரு அட்டவணை, ஒரு லிட்டருக்கு மேல் போகாத சின்னப் பொட்டலம். என் கடிதம் அவ்வளவுதான்.

தளக்கல் (ஆத்தங்குடி)

இருட்டறை அண்ணன் கறுப்பு வெள்ளைக்காரர். தூணும் பலகையும் அவருக்குப் போதும். நான் பழைய வீடுகளை ஓட்டலாக்கியவர்களுக்குக் கலரில் படம் எடுத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன்.

எங்கள் ஊர்த் தளக்கல்லின் சிவப்பு எது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதே அண்ணன் சொன்ன முறையில் ஒரே ரோலை எடுத்து நிறம் திருப்பினேன். ஒரு படத்தில் அந்தச் சிவப்பு மாதுளை முத்து, அடுத்த படத்தில் சூளைச் செங்கல். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர் ரோஜா நிறத்தில் வந்து நிற்கிறது. வீட்டுக்காரர் 'எப்போது தம்பி பெயிண்ட் அடித்தோம்?' என்று கேட்டார். ஒவ்வொரு படத்திலும் எது வெள்ளை என்று மென்பொருள் தானாக ஊகிப்பதால் வரும் வினை இது. கூல்ஸ்கேனும் லேப்களில் இருக்கும் பெரிய ஸ்கேனர்களும் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி விளக்கால் பார்க்கின்றன. நம் வெள்ளை எல்இடி மூன்றையும் குழப்பி அனுப்புகிறது.

தூசி வேறு. பூட்டிக் கிடக்கும் வீட்டுப் பரணிலிருந்து வந்த நெகட்டிவைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்கேனர் அகச்சிவப்புக் கதிரால் தூசியையும் கீறலையும் தனியாகப் படித்து அழித்துவிடும். கேமராவால் அது ஆகாது. ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம் மவுஸால் புள்ளி புள்ளியாகத் துடைக்க எனக்கு வயதில்லை. முதல் கோரிக்கைக்கும் மூன்றாவதுக்கும் என் கையெழுத்து.

மின்பகுளி (காரைக்குடி)

மின்வேதியியலில் முப்பது வருடம் உட்கார்ந்தவன் என்பதால் ஒரு திருத்தம். அகச்சிவப்புத் துடைப்பு கலர் பிலிமுக்குத்தான் வேலை செய்யும். அதன் சாயங்கள் அகச்சிவப்பை விட்டுவிடுகின்றன, தூசி மறிக்கிறது. சாதாரணக் கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள். அதுவும் கதிரை மறிக்கும். இயந்திரம் முகத்தையே தூசி என்று எண்ணித் துடைத்துவிடும். ஆகவே வளவுவாசலின் ரங்கூன் படங்களுக்கு அந்த வசதியால் பயனில்லை.

அவருக்கு அவசரமாகச் சொல்ல வேண்டியது வேறு. காடி நெடி என்றால் பிலிமின் அடிப்பொருளான அசிடேட் பிளாஸ்டிக் சிதைகிறது. வெளியேறும் அமிலமே சிதைவை இன்னும் விரைவுபடுத்தும். பக்கத்து உறைகளையும் கெடுக்கும். நெடி வருபவற்றை இன்றே பிரித்து, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ரங்கூன் காலத்துச் சுருள்களின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 'சேஃப்டி' என்று ஆங்கிலத்தில் அச்சு இல்லாவிட்டால் அது எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். சமையலறைப் பக்கம் கொண்டு போகாதீர்கள். கம்பெனி பதில் போடும்வரை அந்தப் பெட்டி காத்திருக்காது.

பழைய ஸ்டூடியோ (திருப்பத்தூர்)

கேட்டு யார் கொடுத்தார்கள்? ஊட்டியில் 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொடங்கினார்கள். 'இந்து' பிலிமும் பேப்பரும் வாங்கித்தான் நான் தொழில் படித்தேன். அரசாங்கத்தின் சொந்த ஆலை, நம் மலைமேல் இருந்தது. அதையே காப்பாற்ற முடியவில்லை. அமெரிக்காவில் ரோச்செஸ்டரில் இருக்கும் கோடாக்காரன் காரைக்குடிக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பானாக்கும்!

இன்னொன்று. நீங்கள் மூன்று பேரும் வருடத்துக்கு எத்தனை ரோல் வாங்குகிறீர்கள்? எங்கள் கடையில் ஒரே தை மாத முகூர்த்தத்தில் ஐம்பது ரோல் கழுவியிருக்கிறேன். அந்த வியாபாரம் இருந்தபோது கம்பெனி ஆள் வாசலில் நின்றான்.

வளவுவாசல்

மின்பகுளி ஐயா, நன்றி. நேற்று இரவே பிரித்துவிட்டேன். பதினேழு உறைகளில் நெடி. ஒன்றில் பிலிம் சுருண்டு, சுண்டவற்றல்போல் முறுகிக் கிடக்கிறது. ஓரத்து அச்சைப் பகலில்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டூடியோ அண்ணனுக்கு: கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. கோடாக் 2012இல் எக்டாக்ரோம் ஸ்லைடு பிலிமை நிறுத்தியது, 2018இல் மறுபடி கொண்டுவந்தது. பியூஜி 2018இல் அக்ராஸ் 100 என்ற கறுப்பு வெள்ளை பிலிமைக் கைவிட்டு, மறுவருடமே அக்ராஸ் 2 என்று விற்றது. இல்ஃபோர்டுக்காரர்களான ஹார்மன் இத்தனை காலம் கறுப்பு வெள்ளையிலேயே இருந்துவிட்டு 2023இல் பீனிக்ஸ் என்று சொந்தக் கலர் பிலிம் போட்டார்கள்.

இருட்டறை

நீங்களே என் பக்கம் வாதாடிவிட்டீர்கள். திரும்பி வந்தவை எல்லாம் பிலிம். ஸ்கேனர் ஒன்றாவது திரும்பியதா?

காரணமும் இருக்கிறது. ரோச்செஸ்டரில் பிலிமுக்கு மருந்து பூசும் இயந்திரம் இன்னும் நிற்கிறது என்றால் சினிமாவால். 2015இல் ஆறு ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் பிலிம் வாங்குவதாக கோடாக்குடன் ஒப்பந்தம் போட்டன. நம் ரோல் அந்தப் பந்தியில் கடைசி இலை. ஸ்கேனருக்கு அப்படிக் கைகொடுக்க யார்? அதன் சென்சாரும் லென்ஸும் செய்த வரிசைகளைக் கலைத்தாயிற்று.

தளக்கல்

ஒன்றும் வரவில்லை என்று அடித்துச் சொல்லாதீர்கள். பிளஸ்டெக் இன்றும் 35 மி.மீ. ஸ்கேனர் விற்கிறது. அதை ஆமை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதன் மலிவான மாடல்களில் ஒவ்வொரு படத்துக்கும் கையால் தள்ள வேண்டும். ஆனால் அகச்சிவப்பு வசதியுள்ள மாடலும் இருக்கிறது. அந்தக் கம்பெனியிடம் 'தானாக நகரும் பிலிம் பாதையையும் 120ஐயும் நடுத்தர விலையில் கொடு' என்று கேட்பது அவ்வளவு பெரிய பேராசையா?

பள்ளத்தூர் ஆச்சி

தம்பிகளா, எனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது. நகரத்து லேப் ஒன்றில் எங்கள் சாந்தி கல்யாணத்து, அதாவது அறுபதாம் கல்யாணத்துப் படங்களை ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். ஒரு பென்டிரைவும் 0001இல் தொடங்கி 0412 வரை எண்களும் திரும்பி வந்தன. நெகட்டிவ் வரவில்லை. கேட்டால், 'யாரும் திருப்பி வாங்குவதில்லை, போட்டுவிட்டோம்' என்கிறான். உறையின்மேல் என் மாமியார் பென்சிலால் எழுதிய பெயர்களும் அதோடு போயின. எந்தக் கம்பெனியின் மென்பொருளாவது உறையையும் சேர்த்துப் படம் பிடித்து, அந்த எண்ணோடு ஒட்டி வைக்குமா? அதையும் எழுதுங்கள்.

மின்பகுளி

ஆச்சி சொன்னதைச் செய்ய ஒரு பொத்தான் போதும். பட எண், உறை எண், தேதி, குறிப்பு எல்லாவற்றையும் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்க இடம் இருக்கிறது. பல ஸ்கேனர் மென்பொருள்கள்தான் அதைக் கேட்பதில்லை. இதை நான்காவது கோரிக்கையாக்குங்கள்.

பழைய ஸ்டூடியோ

நெகட்டிவைக் குப்பையில் போட்டவனை என் காலத்தில் அசோசியேஷனில் ஏற்றியிருப்போம். ஆச்சி, உங்கள் கல்யாணத்துக்கு எடுத்தது எந்த ஸ்டூடியோ என்று தனியாக எழுதுங்கள். பழைய ஆட்கள் சிலர் பிரதி வைத்திருப்பார்கள்.

கடிதத்துக்கும் ஒரு யோசனை, கையெழுத்து இல்லாமல். இரண்டாவது கோரிக்கையை மேலே கொண்டுபோங்கள். புதிதாகச் செய் என்றால் அவனுக்குக் காசு செலவு. கையேட்டை வெளியே விடு என்றால் ஒரு பைசா செலவில்லை. வியூஸ்கேன் என்ற மென்பொருள் கைவிடப்பட்ட எத்தனையோ ஸ்கேனர்களை இன்றும் ஓட வைக்கிறதே; பெட்டி பேசும் மொழியைக் கம்பெனியே கொடுத்தால் இன்னும் நாலு பேர் செய்வார்கள். மறுக்க அவனுக்கு வெட்கமாவது இருக்கும்.

இருட்டறை

அதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். 30 டிகிரி அட்டவணையையும் சேர்க்க வேண்டும், விட மாட்டேன்.

தளக்கல்

புதிய ஸ்கேனரை எடுத்துவிட்டால் நான் விலகிக்கொள்கிறேன். பழைய பெட்டிக்கு எத்தனை பெல்ட் மாற்றினாலும் ஒருநாள் அதன் விளக்கு போகும். அப்போது என்னை யார் கேட்பது?

வளவுவாசல்

எடுக்கவில்லை, தம்பி. கடைசியில் வைத்திருக்கிறேன், பிளஸ்டெக் யோசனையோடு. முதல் இடத்தில் கையேடு, அடுத்து ஆச்சியின் உறை, பிறகு அண்ணனின் அட்டவணை, நிற அளவுகள், ஸ்கேனர்.

ஓர அச்சை இன்று காலை பார்த்தேன். பதினைந்து உறைகளில் 'சேஃப்டி' இருக்கிறது. இரண்டில் அச்சே தெரியவில்லை. அவற்றை எங்கே வைப்பது, ஐயா? இருட்டறை அண்ணன் ஞாயிறு காலை தூணையும் பலகையையும் எடுத்துக்கொண்டு வந்தால் மற்றப் பதினைந்தையும் வளவிலேயே எடுத்து முடித்துவிடலாம். வெயில் ஏறுவதற்குள் வாருங்கள். ஆயா பால் பணியாரத்துக்கு இப்போதே அரிசி அளந்துவிட்டார்.