பள்ளிக்கூடத்துக்கு லேசர் கட்டர்: கிளியர் அக்ரிலிக் வெட்டுப்படவில்லை, எதை வாங்குவது?

அறிவியல் டீச்சர், நீடாமங்கலம் பக்கம்:
வணக்கம். பழைய மாணவர்கள் சேர்ந்து எங்கள் பள்ளிக்கு லேசர் கட்டர் வாங்க ஒன்றரை லட்சம் தருகிறார்கள். பழகிப் பார்க்கட்டும் என்று அவர்களில் ஒருவர் தன் 10 வாட் டயோடு மெஷினை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். 3 மி.மீ. பிளைவுட்டில் பல்சக்கரம் அழகாக வந்தது. அதே கனத்தில் கிளியர் அக்ரிலிக் வைத்தேன். நாலு தடவை ஓடியும் ஒரு கீறல்கூட இல்லை. ஷீட்டை எடுத்தால், அடியில் மேசைப் பலகையில் பல்சக்கரம் கரிக்கோடாக விழுந்திருக்கிறது! மெஷின் பழுதா? 20 வாட் வாங்கினால் வெட்டுமா? நாலு பக்கமும் திறந்த மெஷின். பிள்ளைகளை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னேன். போதும்தானே?

பாலிடெக்னிக் பட்டறை, தஞ்சாவூர்:
பழுதெல்லாம் இல்லை டீச்சர். டயோடு விடுவது நீல ஒளி, 450 நானோமீட்டர் வாக்கில். கிளியர் அக்ரிலிக் அதை ஜன்னல் கண்ணாடி வெயிலை விடுகிற மாதிரி விட்டுவிடும். வாட்டைக் கூட்டினால் மேசைதான் இன்னும் ஆழமாக எரியும். கறுப்பு அக்ரிலிக் என்றால் டயோடும் வெட்டும். சிஓ2 லேசர், அதாவது கண்ணாடிக் குழாய்க்குள் கார்பன் டைஆக்சைடு வாயுவை வைத்து ஒளி உண்டாக்குகிற மெஷின், 10,600 நானோமீட்டர். அதை அக்ரிலிக் அப்படியே விழுங்கிக்கொள்ளும், அதனால் எந்த நிறமானாலும் வெட்டுப்படும்.

தள்ளி நிற்பது போதவே போதாது. திறந்த மெஷின் கிளாஸ் 4, லேசர்களில் ஆபத்து மிகுந்த வகை. பட்டுத் தெறிக்கிற ஒளியே கண்ணைக் கெடுத்துவிடும். மூடி உள்ளதாக வாங்குங்கள். மூடி திறந்திருக்கும்போது ஸ்டார்ட் அழுத்தினால், மெஷினின் லேசர் தலை நகர்ந்தாலும் ஒளி வரக் கூடாது. கடையிலேயே கடைக்காரரை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் அந்த லேசருக்கு உரிய கண்ணாடி போட்டுக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.

நேம்போர்டு கடை, கும்பகோணம்:
சிஓ2-வே வாங்குங்க டீச்சர், ஆனால் நம்ம ஊர் வெயிலும் மழையும் தெரிந்து வாங்குங்க. கண்ணாடிக் குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கணும். சித்திரையில் தண்ணீர் சூடேறினால் வெட்டு இறங்காது. தண்ணீரைக் குளிர்விக்கிற பெட்டியைச் சில்லர் என்பார்கள்; மெஷினோடு சேர்த்துத் தருகிற சி.டபிள்யூ 3000 சில்லர் வெறும் ஃபேன் வைத்த ரேடியேட்டர். அறை 38 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. கம்ப்ரஸர் உள்ள 5000 கேளுங்க. ஐப்பசி கார்த்திகையில் தலைகீழ். ஒரு அடைமழை நாளில் நான் தண்ணீரை 16 டிகிரியில் வைத்துவிட்டேன். ஜில்லென்ற மோர்ச்சொம்பு மாதிரி குழாய் வேர்த்துப்போய், மின்சாரம் தாவி, குழாயே போச்சு. இப்போ மழைக்காலத்தில் 25-க்குக் கீழே இறக்குவதே இல்லை.

அப்புறம், பிள்ளைகள் ஃபிளெக்ஸ் துண்டு, ரெக்சின் எல்லாம் தூக்கிக்கொண்டு வருவார்கள். விடாதீங்க, அது பிவிசி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூச்சுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். என்ன பிளாஸ்டிக் என்று சந்தேகம் வந்தால், செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதில் ஒரு பொட்டுத் தொட்டு, வெளியில் வைத்துத் தீயில் காட்டுங்க. சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது, வேண்டாம்.

அறிவியல் டீச்சர்:
நன்றி சார், நன்றி அண்ணே. சில்லரும் சேர்த்தால் ஒன்றரை லட்சத்தில் அடங்குமா? இன்னொரு சிக்கல், எங்கள் அறை ஜன்னல் சத்துணவுக் கூடத்தைப் பார்த்து இருக்கிறது.

பாலிடெக்னிக் பட்டறை, தஞ்சாவூர்:
புகையை அந்தப் பக்கம் விடவே விடாதீர்கள். பின்சுவரில் துளை போட்டுப் புகைக்குழாயை வெளியே கொண்டுபோங்கள். 3 மி.மீ. வெட்ட 40 வாட் போதும்; 80 என்று கடைக்காரர் ஆசை காட்டுவார், மயங்காதீர்கள். மிச்சப்படுகிற காசைச் சில்லருக்கும் எக்ஸாஸ்டுக்கும் கார்பன் டைஆக்சைடு தீயணைப்பானுக்கும் வையுங்கள். ஓடும்போது டீ குடிக்கக்கூட யாரும் நகரக் கூடாது, அக்ரிலிக் தீப்பிடித்துக்கொள்ளும். லேசர் குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் போகிறது. முதலில் அறையில் எர்த் இருக்கிறதா பாருங்கள்.

அறிவியல் டீச்சர்:
பின்சுவருக்கு அப்பால் வயல்தான், துளை போட ஹெச்எம் சம்மதித்துவிட்டார். இன்று எலக்ட்ரீஷியன் வந்தார். பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கிறது, அதற்குப் பின்னால் கம்பியே இல்லை. எர்த் குழி வெட்டிய பிறகுதான் மெஷின்.