டிப்ஸ்டிக் குழாயில் புகை: ஓவர்ஹால் கட்டாயமா?

செந்தூல்காரன்:
வணக்கம். 2010 மாடல், 1.3 லிட்டர், டர்போ இல்லை, 190,000 கி.மீ. ஓடிய கார். ஐட்லிங்கில் எண்ணெய் மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு வருகிறது. எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் தானாகவே அரை அங்குலம் எழும்பி நிற்கிறது. வால்வு கவர் ஓரம் கசிவு, ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. 1,000 கி.மீ.க்குச் சுமார் 300 மில்லி எண்ணெய் குறைகிறது. கூலன்ட் குறையவில்லை, நீலப் புகையும் இல்லை. பிஸ்டன் ரிங் போய்விட்டது, என்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டியதுதான் என்கிறார் போர்மேன் (பட்டறை மெக்கானிக்). அதற்குமுன் எதையெல்லாம் பார்க்கலாம்?

பிறை பட்டறை:
மூடியைத் திறந்து புகையைப் பார்த்துவிட்டு ரிங்கைக் குறை சொல்லக் கூடாது. நல்ல என்ஜினிலும் எரிந்த வாயு கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும். அதை இழுத்து, சிலிண்டர்களுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டுக்குள் விட்டு எரிப்பது, வால்வு கவரில் செருகியிருக்கும் பிசிவி என்ற சிறு வால்வின் வேலை. அந்த வழி அடைத்தால் அழுத்தம் வேறு வழி தேடும். டிப்ஸ்டிக் எழும்புவதும் கேஸ்கெட் கசிவதும் அதனால்தான். ஃபில்டர் பெட்டியில் எண்ணெய் வந்ததற்கும் அதுவே காரணமாகலாம், வால்வு கவரையும் ஃபில்டர் பெட்டியையும் இணைக்கும் பிரீதர் ஹோஸ் வழியாக வாயு பின்னோக்கிப் போயிருக்கும்.

என்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் விட்டு, பிசிவி வால்வை ஹோஸோடு சேர்த்துக் கவரிலிருந்து கழற்றி, அடிவாயில் விரலை வையுங்கள். விரல் நன்றாக ஒட்டி இழுபட வேண்டும். பிறகு என்ஜினை நிறுத்தி வால்வைக் குலுக்குங்கள், உள்ளே பிளஞ்சர் கடகடக்க வேண்டும். ஆனால் கடகடத்தால் மட்டும் நல்லது என்று அர்த்தமில்லை. ஸ்பிரிங் தளர்ந்த வால்வும் கடகடக்கும்.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு இன்னொரு சோதனை. ஃபில்டர் பக்கம் போகும் பிரீதர் ஹோஸைக் கழற்றி, வால்வு கவர் பக்க வாயை அடையுங்கள். எண்ணெய் மூடியை எடுத்துவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயில் மெல்லிய ரப்பர் கையுறையை விரித்துப் பிடியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கையுறை உள்ளே குழிந்தால் பிசிவி வேலை செய்கிறது. பலூன் மாதிரி உப்பினால் வழி அடைப்பு, இல்லையென்றால் வால்வு இழுக்கும் அளவைவிட அதிகமாக வாயு இறங்குகிறது. வழியைச் சரிசெய்த பிறகும் உப்பினால்தான் ரிங் பற்றிப் பேச வேண்டும்.

ஜெலுத்தோங் ரவுண்டு:
கம்ப்ரெஷனையும், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் தரும் அழுத்தத்தையும், கேஜில் அளந்துவிடுங்கள். சூடான என்ஜின், பேட்டரி முழு சார்ஜ், நான்கு பிளக்கும் வெளியே, இன்ஜெக்டர், இக்னிஷன் இணைப்புகளைக் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்டார்ட்டரில் ஐந்தாறு சுற்று. த்ராட்டிலைத் திறக்க மறந்தால் எல்லா அளவும் குறைவாகக் காட்டி வீண் பயம் வரும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் சிலிண்டரின் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

கெந்திங் மலை ஏறும்போது மட்டும் ஃபில்டர் பெட்டியில் எண்ணெய் சேர்ந்தால் பயப்பட வேண்டாம். முழு த்ராட்டிலில் மேனிஃபோல்டில் இழுவிசை இருக்காது, கொஞ்சம் பிரீதர் பக்கம் வரும். எண்ணெய் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், கூடுதலாக ஊற்றினாலும் இதே பிசுக்குதான்.

செந்தூல்காரன்:
பார்த்தாயிற்று. வால்வு கடகடக்கிறது, ஆனால் விரலில் இழுவையே இல்லை. கையுறை உப்பியது. கம்ப்ரெஷன் 176, 172, 178, 170 பிஎஸ்ஐ. எண்ணெய் ஆவியைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேன் டப்பாவை மாட்டிவிட்டால் போதுமா?

பிறை பட்டறை:
வேண்டாம். அடைத்த வழியில் கேட்ச் கேன் மாட்டினாலும் அழுத்தம் அப்படியேதான் இருக்கும். கம்ப்ரெஷன் நன்றாக இருக்கிறது, சிலிண்டர்களுக்குள் 5 விழுக்காடு வித்தியாசம்கூட இல்லை. இழுவை இல்லையென்றால் வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடைப்பட்ட ஹோஸைச் சந்தேகியுங்கள். என்ஜின் ஓடும்போது அதைப் பாருங்கள், வளைவில் சப்பையாக ஒட்டிக்கொள்கிறதா? கழற்றி நீளவாக்கில் அறுத்தால் உள்சுவர் வீங்கிப் பிசுபிசுவென்று இருக்கும். தண்ணீர் ஹோஸை வெட்டி மாட்டியிருந்தால் இப்படித்தான் ஆகும், அந்த ரப்பர் எண்ணெய் ஆவியைத் தாங்காது. எண்ணெய்க்கென்று செய்த ஹோஸை மட்டும் வாங்குங்கள். மேனிஃபோல்டு முனையில் படிந்த கரியையும் சுரண்டி எடுங்கள், துகள் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வையும் புதிதாக மாற்றுங்கள்.

வால்வு கவர் கேஸ்கெட்டை அதற்குப் பிறகு மாற்றுங்கள். முதலில் மாற்றினால் புதியதும் கசியும்.

ஜெலுத்தோங் ரவுண்டு:
ஒன்று சேர்க்கிறேன். சிலிண்டர் சுவரில் எண்ணெயை வழித்தெடுக்கும் ஆயில் கண்ட்ரோல் ரிங்கைக் கம்ப்ரெஷன் சோதனை காட்டாது. அது கரி பிடித்து இறுகியிருந்தால் 178 பிஎஸ்ஐ வந்தாலும் எண்ணெய் குறையும். ஹோஸை மாற்றிய பிறகு, சமதளத்தில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறித்து வையுங்கள். 1,000 கி.மீ. கழித்து அதே இடத்தில் மறுபடி பாருங்கள். கசிவு நின்ற பிறகும் அதே 300 மில்லி குறைந்தால், அப்போதுதான் அந்த ரிங்.